காப்பி எருவும் கடுகு மணலும்

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவே அந்த மலைப்பாதையிலேயே அவர் உத்தியோகம் முழுக்கக் கழிந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் வெற்றிலை மென்றபடி வண்டி திருப்புவார். ஒரு மழைக்காலச் சாயங்காலம், பனிமூட்டத்துக்குள்ளிருந்து திடீரென்று வந்த லாரிக்கு ஒதுங்கப் போய், பஸ் தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு, முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில் தொங்க நின்றுவிட்டது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. எல்லாரையும் பின்வாசல் வழியாக இறக்கிவிட்டுக் கடைசி ஆளாக இறங்கியவர், மழையில் நடந்தே ஏற்காட்டில் எங்கள் வீடு வந்து சேர்ந்தார். அதற்கப்புறம் அவர் மலையை விட்டு இறங்கவே இல்லை.

வண்டி ஓட்ட வேண்டாம், சும்மா பயணியாக உட்கார்ந்தாவது வாருங்கள் என்றால், அதற்கும் மாட்டேன் என்றார். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தவர் அங்கேயே வேர் விட்டுவிட்டார். காப்பி டம்ளரை வாங்கினால் கை நடுங்கிப் பாதி காப்பி சட்டையில் சிந்தும். பேச்சு 'உம்', 'இல்லை' என்ற அளவுக்குச் சுருங்கியது. எனக்கோ வாய் கொஞ்சம் நீளம். கொஞ்ச காலம் பாவம் என்று பேசாமல் இருந்தேன். பிறகு கோபம் வந்தது. கத்தியும் பார்த்தேன். சுவரிடம் கத்தியிருந்தால் எதிரொலியாவது வந்திருக்கும்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் ஒரே மகளைச் சேலத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். அவள் அப்போது மாசமாக இருந்தாள். வளைவு வளைவாக மலையேறி வரக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வளைகாப்பைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார்கள். "அப்பா வராம எனக்கு ஒரு வளையலும் வேண்டாம்மா. வெறுங்கையோடவே புள்ள பெத்துக்கறேன்" என்று போனில் சொல்லிவிட்டாள். அவளுக்கும் என் வாய்தான், சொன்னால் செய்வாள். போனை அவர் காதில் வைத்தால் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பார்.

அந்தச் சமயத்தில், நான் வேலை பார்த்த லாட்ஜில் முன்னறையைப் புதுப்பித்தார்கள். அங்கே இருந்த பழைய மீன் தொட்டியை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளச் சொன்னார் முதலாளி. அடியில் நீலச் சாயம் பூசிய கூழாங்கல், நடுவில் பிளாஸ்டிக் செடி, அதைச் சுற்றிக் கப்பி என்கிற குட்டி மீன்கள் சில. எடுத்து வந்து ஜன்னலோரம் அவர் கண்ணில் படும்படி வைத்தேன். பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. வீட்டில் அசைகிற பொருள் இன்னொன்று இருக்கட்டும் என்றுதான்.

ரொம்ப நாள் கழித்து அவராகவே வாயைத் திறந்தார். "நெசச் செடி நட்டா வராதா இதுல?"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. லாட்ஜுக்குச் சாமான் வாங்கச் சேலம் போகும் ஜீப்பில் சொல்லிவிட்டு, நாடா மாதிரி நீளமாக வளரும் தண்ணீர்ச் செடிகளை வரவழைத்தேன். கூழாங்கல்லில் அவை நிற்கவில்லை, மிதந்து மேலே வந்துவிட்டன. வேர் பிடிக்க மண் வேண்டும் என்று அவருக்கே தோன்றியிருக்கிறது. அடுத்த தெருவில் வீடு கட்டுகிற இடத்தில் ஒரு சட்டி மணல் கேட்டு வாங்கிவந்தார். விபத்துக்கு அப்புறம் அவர் எங்கள் தெருவைத் தாண்டிப் போனதே அன்றைக்குத்தான்.

அதோடு விட்டிருந்தால் தேவலை. எங்கள் மலையில் ஒரு பழக்கம் உண்டு. ரோஜாவோ சவ்சவ்வோ மிளகுக்கொடியோ, எதை நட்டாலும் குழியில் காப்பி எருவைப் போடாமல் நடமாட்டோம். பழத்திலிருந்து கொட்டை எடுத்தபின் மிஞ்சும் தோலை மக்க வைத்த எரு அது, கறுகறுவென்று இருக்கும். எஸ்டேட்டில் கேட்டால் கூடையில் அள்ளித் தருவார்கள். மண்ணில் வைக்கிற செடிக்கு எது நல்லதோ அதுதானே தண்ணீரில் வைக்கிற செடிக்கும் என்று அவர் தொட்டி அடியில் அந்த எருவைத் தாராளமாகப் பரப்பி, மேலே மணலை லேசாகத் தூவி, தண்ணீர் ஊற்றிச் செடியை நட்டுவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த நானும் தலையாட்டினேன். இங்கே யாராக இருந்தாலும் தலையாட்டியிருப்பார்கள்.

நாளாக ஆகத் தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்தது. மணலுக்கு அடியிலிருந்து குமிழி குமிழியாகக் காற்று கிளம்பியது. ஒரு காலையில் கதவைத் திறந்தால் வீடு முழுக்க அழுகின முட்டை நாற்றம். மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து கொண்டிருந்தன. போச்சு, இந்த மனுஷன் மறுபடி நாற்காலிக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன்.

அவர் போகவில்லை. வாளியில் நல்ல தண்ணீர் பிடித்து, மீன்களை டீ வடிகட்டியால் ஒவ்வொன்றாக எடுத்து விட்டார். கை நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் ஒரு மீன்கூடக் கீழே விழவில்லை. பிறகு முழங்கை வரைக்கும் கையை விட்டு அந்தச் சேற்றை அள்ளி அள்ளி வெளியே கொட்டினார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். "பார்த்துட்டு நிக்கறயே, அந்தச் சட்டிய நகத்து புள்ள" என்று அதட்டினார். அந்த நாற்றத்திலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்றால் நம்புவீர்களோ என்னவோ. அவர் என்னை அதட்டி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

அடுத்த முறை மகளைப் பார்க்கப் போனபோது சேலத்தில் வளர்ப்பு மீன் கடை ஒன்றில் நானே மணல் வாங்கினேன். வெள்ளை வெளேரென்று ரவை போல இருந்த மணலைப் பார்த்ததும் ஆசைப்பட்டு ஒரு பை எடுத்துவிட்டேன். கடைக்காரர் அப்போது இல்லை, வேலைக்கு இருந்தவர் எடை போட்டுக் கொடுத்துவிட்டார். வீட்டில் அதை அலசிப் பரப்பிச் செடி நட்டோம். பார்க்கக் கொள்ளை அழகாக இருந்தது. ஆனால் செடியின் இலை நுனி ஒவ்வொன்றாக மஞ்சளித்தது. விரலை விட்டுப் பார்த்தால் மணல் சிமென்ட் தரை மாதிரி இறுகிக் கிடந்தது. அவர் பையில் அச்சடித்திருந்த கடை நம்பரைப் பார்த்துப் போன் செய்தார். வெளி ஆளிடம் அவராகப் பேசியது விபத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. கடைக்காரர் குரல் பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"ஏனுங்க, கொஞ்சம் மணலை எடுத்து எலுமிச்சம்பழம் புழிஞ்சு பாருங்க. நொரைச்சுதுன்னா சுண்ணாம்பு கலந்திருக்குதுன்னு அர்த்தமுங்க. செடிக்கு ஆவாதுங்க."

பிழிந்தோம். பொசுபொசுவென்று நுரைத்தது.

அவர் என் பக்கம் திரும்பினார். "உன்ற கண்ணுக்கு வெள்ளையா இருந்தாப் போதும்! மண்ணுன்னா கையில அள்ளிப் பாத்து எடுக்கோணும். உன்னைய நம்பி இனி ஒண்ணும் ஆவாது. நாளைக்கு நானே வந்து எடுக்கறேன்."

எங்கே வருகிறேன் என்று சொன்னார் என்பது அவருக்கே உறைத்ததா தெரியாது. நான் வாயைத் திறக்கவில்லை. என் ஆயுளில் நான் வாயை மூடிக்கொண்டிருந்து நல்லது நடந்தது அந்த ஒரு தடவைதான். வேண்டுமென்றே தப்பான மண்ணை வாங்கி வந்தாய் என்று என் மகள் இன்றும் சொல்கிறாள். அவ்வளவு சூட்சுமம் இருந்தால் நான் ஏன் லாட்ஜில் சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கப் போகிறேன்?

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறினோம். முன்பக்கம் உட்காரச் சொல்லி டிரைவர் கூப்பிட்டார். இவர் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு நடுவில் உட்கார்ந்தார். திருப்பிக் கொடுக்க வேண்டிய வெள்ளை மணல் பை மடியில் இருந்தது. முதல் வளைவில் கண்ணை மூடியவர் திறக்கவே இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று நனைந்திருந்தது. அன்றைக்கு பஸ் உடைத்துக்கொண்டு நின்ற அந்த இடத்தில் புதுச் சுவர் கட்டியிருந்தார்கள். அதை நான் மட்டும் பார்த்தேன். கீழே அடிவாரம் வந்து வெயில் முகத்தில் பட்டதும், "வந்துட்டமா?" என்றார்.

கடைக்காரர் நல்ல மனுஷர். எங்களை உட்கார வைத்து, பொறுமையாகச் சாக்குகளைத் திறந்து காட்டினார். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு சாக்கிலும் கைவிட்டு அள்ளி, விரலிடுக்கில் வழியவிட்டுப் பார்த்தார். மாவாக இருந்ததைத் தள்ளினார். கூர்மையாகக் குத்தியதையும் தள்ளினார். கடைசியில் கடுகு அளவுக்கு மணி மணியாக இருந்த பழுப்பு ஆற்று மணல் அவருக்குப் பிடித்தது. எலுமிச்சம்பழம் கையோடு கொண்டுபோயிருந்தார். அந்த மணல் நுரைக்கவில்லை.

பின்னால் உயரமாகவும் முன்னால் தாழ்வாகவும் பரப்ப வேண்டும், தண்ணீர் ஊற்றும்போது ஒரு தட்டை வைத்து அதன்மேல் ஊற்றினால் மணல் கலையாது, உரம் வேண்டுமென்றால் களிமண் உருண்டையில் துளி வைத்து வேரடியில் புதைத்தால் போதும் என்றெல்லாம் கடைக்காரர் சொன்னார். இன்றைக்கும் என் வீட்டுக்காரர் அதைத்தான் செய்கிறார். அவ்வப்போது ஊதுபத்திக் குச்சியால் மணலை அங்கங்கே மெதுவாகக் குத்திவிடுவார், அடியில் காற்று கட்டிக்கொள்ளாமல் இருக்க. அழுக்கை எடுக்க ரப்பர் குழாயை மணலைத் தொடாமல் மேலாகவே பிடித்து நகர்த்துவார். அப்போது அவர் கையைப் பார்ப்பேன். நடுக்கம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். குழாய் மணலில் இடிப்பதில்லை, அவ்வளவுதான். அதற்கே நான் சாமி படத்துக்கு ஒரு பூ கூடுதலாக வைக்கிறேன். அந்தக் கடைக்காரருக்கும் நன்றி சொல்லிக்கொள்கிறேன். எலுமிச்சம்பழத்துக்கும்தான்.

அன்றைக்குக் கடையை விட்டு வெளியே வந்ததும் ஏற்காடு பஸ்ஸுக்குத்தான் போவார் என்று நினைத்தேன். அவர் மணல் பையைத் தோளில் வைத்துக்கொண்டு நடைபாதையில் நின்றார்.

"இதை ஒருக்கா அலசிப் பாத்துட்டு மேல கொண்டு போறது நல்லது. நொம்பக் கலங்குச்சுன்னா இப்பவே திருப்பிக் குடுத்துரலாம்."

"எங்கீங்க அலசறது, நடுரோட்டுலயா?" என்றேன்.

"பாப்பா ஊடு பக்கந்தான?"

மகள்தான் கதவைத் திறந்தாள். இடுப்பில் ஒரு கையை ஊன்றி, வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றாள். வேட்டி முழுக்க மணலோடு, தோளில் பையோடு அப்பா நிற்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். எப்போதும் போலச் செல்லமாகச் 'சாமி' என்றுதான் அவர் அவளைக் கூப்பிட்டார்.

"சாமி, ஒரு வாளி குடு. மண்ணு அலசோணும்."

அவள் உள்ளே போனாள். வாளியும் சொம்பும் கொண்டுவந்தாள். பின்பக்கக் குழாயடியில் அவர் குந்தி உட்கார்ந்து மணலைக் கொட்டிப் பிசைந்தார். அவள் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, சொம்பால் மொண்டு ஊற்றினாள். கலங்கல் தண்ணீர் வடிய வடிய மறுபடி ஊற்றினாள். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தலையை நிமிர்த்தாமலே அவர் கேட்டார்: "வளகாப்பு என்னிக்கு வெச்சிருக்கறீங்க?"

ஊற்றிக்கொண்டிருந்த சொம்பு நடுவில் நின்றது.

"நீங்க எப்ப வர்றீங்களோ, அன்னிக்குத்தாம்ப்பா."

அவர் வாளிக்குள் கையை வைத்தபடியே அழுதார். அவள் கையிலிருந்த சொம்பை நான் வாங்கி, அடுத்த தண்ணீரை ஊற்றினேன்.