லைட்ஹவுஸிலிருந்து டச்சுக் கல்லறை வரை, நிற்காமல்

பழவேற்காட்டுப் பக்கம் ஓடுவதற்கு அழகான வழி எது என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களை இப்போதெல்லாம் என்னிடம்தான் அனுப்புகிறார்கள். அனுப்பித்தான் ஆக வேண்டும். அந்த வழியைக் கண்டுபிடித்தவனே நான். பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். அதிலும் பாதி நாள் கருவாட்டுக்குக் காக்கா விரட்டுவதில் போய்விட்டது. அப்படிப்பட்டவன், அடுத்தவர் படகில் தண்ணீர் இறைக்கும் ஆளாக ஏறி, இரண்டு ஃபைபர் படகுக்குச் சொந்தக்காரனாக இறங்கினேன். என் வயதில் இந்தக் கரையில் இன்னொருவரைக் காட்டுங்கள் பார்ப்போம்.

வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் குப்பத்து லைட்ஹவுஸ் அடியில் கிளம்ப வேண்டும். சூரியன் கடலை விட்டு ஒரு முழம் ஏறியிருக்கும்போது சரியாக இருக்கும். அலை நனைத்த மணலிலேயே முகத்துவாரம் வரைக்கும் போக வேண்டும். காய்ந்த மணலில் கால் வைத்தால் முழங்கால் போய்விடும். ஏரித் தண்ணீர் கடலுக்குள் போகும் இடத்தைப் பார்த்துவிட்டு உள்பக்கம் திரும்பினால் சவுக்குத் தோப்பு. கீழே சருகு மெத்தை போட்டது போல் கிடக்கும், மேலே காற்று ஸ்ஸ் என்று பேசிக்கொண்டே கூட வரும். தோப்பு முடிந்தால் மறுபடியும் எங்கள் குப்பத்தின் பின்பக்கம், வலை பின்னும் கொட்டகை. அங்கிருந்து தார் ரோடு, பாலம். பாலத்தில் இரண்டு பக்கமும் ஏரி. தை மாதமானால் பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்று நம்மை வேடிக்கை பார்க்கும். பிறகு கடைத்தெரு. முள் மண்டிக் கிடக்கும் டச்சுக்காரன் கோட்டை மேடு. கடைசியில் டச்சுக் கல்லறை. அதன் வாசலில் கல்லில் எலும்புக்கூடு செதுக்கியிருப்பார்கள். அதைத் தொட்டால் ஓட்டம் முடிந்தது.

இதை நான் முதன்முதலில் டீக்கடையில் வைத்துச் சொன்னேன். சென்னையிலிருந்து கிளிப்பச்சைச் சட்டை போட்ட எட்டுப் பேர் ஓடுவதற்கென்றே கார் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். ரோட்டோரமாகவே ஓடிவிட்டுத் திரும்புவதாகச் சொன்னார்கள்.

"ரோட்டுல ஓடறதுக்கு இம்மாந்தூரம் வரணுமா? உங்க ஊர்ல ரோடு இல்லியா?" என்று கேட்டுவிட்டு, மேசையில் சிந்திக் கிடந்த டீயில் விரலால் வழியைப் போட்டுக் காட்டினேன். அவர்கள் அசந்துபோய்ப் பார்த்தார்கள். அந்தப் பார்வையைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

"நானே டெய்லி ஓடறது தான். எங்கயும் நிக்க மாட்டேன்."

பக்கத்து பெஞ்சில் என் மகன் உட்கார்ந்திருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் நடுக்கடலில் வலை இழுக்கும்போது எனக்குத் தலை சுற்றியது. சுற்றியது என்றுதான் நான் சொல்வேன். 'மயங்கி வுழுந்துட்டாரு' என்று ஊர் முழுக்கச் சொன்னவன் மகன். பொன்னேரி டாக்டர் சர்க்கரை என்றார். அன்றோடு என்னைப் படகில் ஏற்றக் கூடாது என்று மகனும் மற்ற மூன்று ஆட்களும் முடிவு கட்டிவிட்டார்கள். என் படகு! நான் பெயின்ட் அடித்த படகு! தினமும் கரையில் நின்று அது போவதைப் பார்ப்பேன். சாப்பாடு இறங்கவில்லை. கடலுக்குப் போகாத நாளில் நான் யார் என்று எனக்கே விளங்கவில்லை.

மகன் டீ கிளாசைக் கீழே வைத்தான்.

"அப்டியா நைனா? டெய்லி ஓடறியா? அப்போ ஒரு தபா எங்களுக்கும் ஓடிக் காட்டு. லைட்ஹவுஸ்லருந்து கல்லறை வரிக்கும், நிக்காம. ஓடிட்டன்னா அன்னிக்கே போட்டுல ஏறிக்கோ."

"ஒரு தபா இன்னாடா, ஒம்பது தபா ஓடறேன்."

"மூணு தபா சான்ஸ் தர்றோம். மூணுலயும் நின்னுட்டா, அப்பால போட்டப் பத்தி வாயத் தொறக்கக் கூடாது."

சாட்சிக்கு என் பெண்டாட்டியின் தம்பியைப் போட்டார்கள். அவன் தன் மொபெட்டில் பின்னாலேயே வர வேண்டும்; மணலிலும் தோப்பிலும் வண்டி போகாது என்பதால் அந்த இடத்துக்கு மட்டும் ரோட்டில் காத்திருக்க வேண்டும். அவன் என்னிடம் ரகசியமாகச் சொன்னான்:

"மாமா, கல்லறைக்கு எல்லாரையும் தூக்கினு தான் போவாங்க. தானா ஓடறது நீ ஒர்த்தன் தான்."

முதல் ஓட்டம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் ஒரு விஷயத்தை நான் யோசிக்கவில்லை. எங்கள் குப்பத்தில் யாரும் ஓடுவதில்லை. கடற்கரையில் பெரிய மனிதன் ஒருவன் ஓடினால் அதற்கு ஒரே பொருள்தான்: எங்கேயோ படகு கவிழ்ந்திருக்கிறது.

மணலில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அண்ணா, இன்னாண்ணா ஆச்சு? யாரு போட்டு?"

மூச்சை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று நான் பதில் சொல்லாமல் ஓடினேன். அதுதான் தப்பு.

"வாயே தொறக்க மாட்றாரு! பெரிய விசயம் தான்!"

நான் முகத்துவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்குப் பின்னால் நாற்பது பேர் இருந்தார்கள். இரண்டு படகைத் தண்ணீரில் இறக்கிவிட்டார்கள். ஒரு பெண் குறுக்கே விழுந்து என் இரண்டு காலையும் கட்டிக்கொண்டாள். "எம் புருசன் உசுரோட கீறாரா, அத்த மட்டும் சொல்லிடுண்ணா!" அவள் புருஷன் அந்த நாற்பது பேரில் ஏழாவது ஆளாக ஓடிவந்து அவளுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். கால் இரண்டும் அவள் பிடியில் இருக்கும்போது எப்படி ஓடுவது? நின்றேன்.

சர்க்கரைக்காக ஓடுகிறேன் என்று சொன்னதும் அவர்கள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

"உன் சக்கர கொறைய எங்க உசுரு கொறையணுமாய்யா?" என்றாள் காலைக் கட்டிக்கொண்டவள்.

இரண்டாவது தடவைக்கு மூளையைப் பயன்படுத்தினேன். படித்தவன் புத்தகத்தில் தேடுவான். என்னைப் போன்றவனுக்குத் தலையிலேயே வரும். அந்தச் சென்னைக்காரர்களில் ஒருவரிடம் கேட்டு வாங்கிய கிளிப்பச்சைச் சட்டை, அரை டிராயர், ஷூ, கண்ணை மறைக்கும் தொப்பி. வெளியூர்க்காரன் யாரோ ஓடுகிறான் என்று குப்பம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முகத்துவாரம் ஆயிற்று, தோப்பு ஆயிற்று, பாலமும் ஆயிற்று. மொபெட்டில் வந்த மச்சானுக்கே முகம் மாறிவிட்டது. "மாமா, மெய்யாலுமே ஓடிடுவ போலகீதே!"

கடைத்தெருவில் பொன்னேரி பஸ் அப்போதுதான் கிளம்பியிருந்தது. நான் சரியாக அதன் பின்னால் ஓடும்படி ஆகிவிட்டது.

டிரைவர் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். நல்ல மனிதர், பிரேக் போட்டார். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் எல்லோரும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஓடியா பெருசு, ஓடியா, நிக்குது நிக்குது!" என்று கத்தினார்கள். வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அதை அவர்கள் 'நிறுத்துங்கள்' என்று எடுத்துக்கொண்டார்கள். கண்டக்டர் இறங்கி வந்து என் முதுகில் கை கொடுத்துத் தள்ளினார்.

"நான் பஸ்ஸுக்கு வர்ல..."

"வயசான காலத்துல இன்னா வெக்கம்? உனக்காவ தான நிறுத்தி கீறோம், ஏறு!"

உள்ளேயிருந்து இரண்டு மீன்காரப் பெண்கள் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து இழுத்தார்கள். மீன் கூடை தூக்கிய கைகள் அவை. அந்தப் பிடியிலிருந்து யாரும் தப்ப முடியாது. பஸ் கல்லறையைத் தாண்டிப் போகும்போது ஜன்னல் வழியாகத்தான் அந்த எலும்புக்கூட்டைப் பார்த்தேன். மச்சான் மொபெட்டை ஸ்டாண்டு போட்டுவிட்டு ரோட்டோரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மிச்சம் ஒரே ஒரு சான்ஸ். இந்தத் தடவை நேராக ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவரிடம் போனேன். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாலும் மனிதர் உதவி செய்தார். அம்மன் கோயில் மைக்கில் மூன்று வேளையும் அறிவிப்பு.

"ஊர் ஜனங்களுக்குத் தெரிவிப்பது என்னவென்றால், நாளைக் காலையில் நம்ம பெரியவர் ஓடுவார். எந்தப் படகும் கவிழவில்லை. அவர் கத்துவார், கையை ஆட்டுவார், யாரும் கண்டுகொள்ள வேண்டாம். அவரை நிறுத்துகிறவர்கள் படகு ஒரு நாள் தண்ணீரில் இறங்கக் கூடாது."

கத்துவார், கையை ஆட்டுவார் என்பதை நான் சொல்லச் சொல்லவில்லை. மைக் பிடித்தவன் தானாகச் சேர்த்துக்கொண்டான்.

மறுநாள் மகனும் ஆட்களும் வழக்கம்போல் கடலுக்குப் போயிருந்தார்கள். நான் லைட்ஹவுஸ் அடியிலிருந்து கிளம்பினேன். நெத்திலிப் பெண்கள் வழிவிட்டுச் சிரித்தார்கள். வாடைக்காற்று இருந்தது. காலில் ரெக்கை முளைத்ததுபோல் போனேன்.

முகத்துவாரத்தில் ஒரு படகு குறுக்கே கிடந்தது.

மண் அடைத்துப் போய் அந்த இடம் இப்போதெல்லாம் ஆழம் இல்லை. எஞ்சின் காற்றாடி மணலில் மாட்டி, படகு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பிவிட்டது. ஒவ்வொரு அலையும் ஏறி உள்ளே கொட்டியது. நாலு பேர் ஒரே பக்கம் தொங்கிக்கொண்டு அது புரளாமல் அழுத்திக்கொண்டிருந்தார்கள். நீல நிறம், சிவப்புப் பட்டை. நான் அடித்த பெயின்ட்.

ஆளும் படகும் கிடைக்கிற இடம் வலைக் கொட்டகைதான். தோப்பு வழியாக நான் அன்றைக்கு ஓடிய ஓட்டத்தைப் பார்த்தது ஒரு கீரிப்பிள்ளை மட்டும்தான். அதுவும் ஒதுங்கிக்கொண்டது.

வலைக் கொட்டகையில் முப்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். கத்தினேன். கத்தியதாக நினைத்தேன்; வாயிலிருந்து காற்றுதான் வந்தது. கையை முகத்துவாரத்துப் பக்கம் ஆட்டினேன். அவர்களும் கையை ஆட்டினார்கள்.

"சூப்பரு பெருசு! வுடாத, ஓடு!"

ஒருத்தி குலவை போட்டாள். இன்னொருத்தி ஒரு குடம் தண்ணீரை என் தலையில் கவிழ்த்தாள். நான் ஓடிக்கொண்டே கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றி மறுபடியும் கையை ஆட்டினேன். "பார்றா, தெம்பப் பார்றா, சுத்திக் காட்றாரு!" என்று விசில் அடித்தார்கள்.

நின்று, மூச்சை வாங்கி, வாயால் சொன்னால்தான் ஆகும். நின்றால் கடல் போயிற்று. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை என்று இதுவரைக்கும் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். ஒரு நொடி யோசித்தேன். பிறகு நட்டநடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

விசில் நின்றது.

"அய்யோ, பெருசு பூட்டாரு!"

"தூக்குங்கடா!"

"டேய், தொடாத! அவர நிறுத்துன மாரி ஆய்டும், அப்பால போட்டு எறக்க முடியாது!"

"அவரே நின்னுட்டாருடா கேணையா!"

அந்த வாக்குவாதம் முடிவதற்குள் எனக்குக் குரல் வந்துவிட்டது. "மொகத்துவாரம்... என் பையன் போட்டு... பொரளுது."

ஏரிப் பக்கம் கட்டியிருந்த படகு ஒன்றை எல்லோருமாகத் தள்ளினார்கள். நானும் விளிம்பில் தோள் கொடுத்துத் தள்ளினேன்; தண்ணீர் இடுப்புக்கு வந்ததும், ஐம்பது வருஷப் பழக்கம், கால் தானாகப் படகுக்குள் ஏறிவிட்டது. இருந்த அவசரத்தில் என்னை யாரும் கவனிக்கவில்லை. எஞ்சினை முழு வேகத்தில் விட்டுப் போனோம். அலைக்குள் கிட்டே நெருங்க முடியவில்லை. கயிறு எறிய வேண்டும். முன்னால் நின்ற பையன் இரண்டு தடவை எறிந்தான், இரண்டு தடவையும் தண்ணீரில் விழுந்தது. நான் அவன் கையிலிருந்து பிடுங்கி எறிந்தேன். கயிறு நேராக என் மகன் மார்பில் போய் விழுந்தது.

அவன் கயிற்றைப் பிடித்தான், யார் எறிந்தது என்று பார்த்தான். முழுக்க நனைந்து, பாதி உயிரோடு தொங்குகிறவன் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"நைனா! உன்ன யாரு போட்டுல ஏத்துனது?"

இழுத்து வந்து ரோட்டுப் பக்கத்து ஏரிக்கரையில் சேர்த்தோம். நாலு பேருக்கும் ஒன்றும் இல்லை, ஒருவனுக்கு முட்டியில் சிராய்ப்பு. வலையும் தப்பியது. அந்த நேரம் பார்த்து மொபெட்டில் மச்சான் வந்து சேர்ந்தான்.

"இன்னா மாமா, பாலத்தாண்ட நின்னு நின்னு காலு வலிக்குது. எங்க நின்ன?"

"வலைக் கொட்டாயில," என்றேன்.

"அப்போ மூணாவதும் போச்சு," என்றான் அவன். சாட்சி என்றால் சாட்சிதான். யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மகன் கைலியைப் பிழிந்தான். ஆட்களைப் பார்த்தான். முட்டி சிராய்த்தவன்தான் வாயைத் திறந்தான்: "அந்தக் கயிறு இன்னொரு வாட்டி தண்ணியில வுழுந்திருந்தா போட்டு பொரண்டிருக்கும்."

மகன் பிழிந்த கைலியை மறுபடியும் பிழிந்தான். அதில் தண்ணீரே இல்லை.

"நாளைக்கு நாலு மணிக்கு நைனா. மாத்திர போட்டுனு வா. கயிறு மட்டும் தான் உன் வேல. வலையத் தொட்டன்னா பாதியில எறக்கி வுட்டுடுவேன்."

"சரிடா," என்றேன். இன்னும் நாலு வார்த்தை சொல்வேன் என்று எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.