பள்ளிக்கூடத்து உப்புமா

ஊட்டிவிட்டால்தான் என் மகள் இரண்டு வாய் சாப்பிடுவாள். ஒன்றாம் வகுப்பில் சேர்த்ததும், காலைச் சாப்பாடு பள்ளியிலேயே என்றார்கள். நான் வீட்டு வேலைக்கு ஓடுகிறவள். அங்கே யார் ஊட்டுவார்கள், மத்தியானம்வரை பட்டினி கிடப்பாளே என்று பயம். முதல் நாள் வேலைக்குப் போகாமல் பள்ளி கேட் அருகே நின்றேன். நான் ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள், உள்ளே போகக் கூச்சம். சமைக்கிற அக்கா பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, ஊட்டிவுட வந்தியா? உள்ள வந்து பாரு, உன் பொண்ணு ரெண்டாவது வாட்டி வாங்கித் துன்னுகினு கீது!"

ரவா உப்புமா. வீட்டில் நான் செய்தால் தட்டைத் தள்ளிவிடுவாள். இங்கே பக்கத்துப் பிள்ளையோடு போட்டி போட்டுத் தட்டை வழித்துக்கொண்டிருந்தாள்.

"நீ வேலைக்குப் போம்மா, லேட்டாவுது" என்றாள் மகள்.

கொஞ்சம் ரோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் மயிலாப்பூரில் நான் வேலை செய்கிற வீட்டுக்கு நிம்மதியாக நடந்தேன். பாதி வழியில்தான், எங்கள் வீட்டைப் பூட்டினேனா என்ற கவலை வந்தது.