கேள்வி மேடம் வீட்டுப் பூஜ்யம்

ஆஸ்பத்திரி டாக்டர்கள் அவளுக்கு வைத்த பெயர் கேள்வி மேடம். கட்டடத்தின் பின்பக்கம், ஜன்னலே இல்லாத ஓர் அறையில் மெடிக்கல் கோடிங் பார்க்கிறவள். டாக்டர் எழுதியதைப் படித்து, நோய்க்கு உரிய கோடு எண்ணைப் போட வேண்டும். டாக்டர் அரைகுறையாக எழுதியிருந்தால் கேள்வி கேட்டு ஃபைலைத் திருப்பி அனுப்புவாள். அனுப்பாத நாளே கிடையாது.

அதிலும் சிறுநீர் டாக்டர் அவளிடம் பட்ட பாடு சொல்லி மாளாது. வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கும். வீக்கம் மட்டும்தான், தொந்தரவு இல்லை என்றால் கோடின் கடைசி எண் பூஜ்யம். அடிக்கடி போக வேண்டியிருக்கிறது, அடக்க முடியவில்லை, போனாலும் மிச்சம் நிற்கிறது என்று ஏதாவது இருந்தால் ஒன்று. டாக்டரோ 'புராஸ்டேட் வீக்கம்' என்று கிறுக்கிவிட்டு மாத்திரை எழுதிவிடுவார். மாத்திரையின் பெயரைப் பார்த்தாலே தொந்தரவு இருப்பது புரிந்துவிடும். ஆனால் தானாகப் புரிந்துகொள்ள அவளுக்கு அனுமதி இல்லை. எழுதாதது நடக்காதது. கேள்வி கேட்பதற்கும் விதி உண்டு: பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்து நீட்டக் கூடாது. 'ராத்திரி எழுந்து போகிறார்தானே?' என்று கேட்டால் தப்பு. 'நோயாளிக்கு என்ன தொந்தரவு என்று தெரிவிக்கவும்', அவ்வளவுதான். இந்த வரியைக் கண்டாலே டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விதிக்கு இவ்வளவு கட்டுப்பட்டவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. சாப்பிடும்போது கணவரிடம், ஆஸ்பத்திரியில் காதில் விழுந்த கதைகளைச் சொல்வாள். பெயர் சொல்ல மாட்டாள், அதில் கறார். மற்றதெல்லாம் சொல்வாள். பஸ்ஸை நடுவழியில் நிறுத்தச் சொல்லி மல்லுக்கு நின்றவர், கார் சீட்டுக்கு அடியில் காலி பாட்டில் வைத்துக்கொண்டு திரிந்தவர் என்று தினம் ஒரு ஆள் மேசைக்கு வருவார். பாட்டில்காரர் கதையைக் கேட்டு அவள் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். இன்னொரு தரம் சொல்லச் சொல்லியும் கேட்டார்.

கணவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். லைசென்ஸ் புதுப்பிக்கும் சாக்கில் முழு உடம்பையும் சோதித்தபோது அவருக்கும் புராஸ்டேட் வீங்கியிருப்பது ஸ்கேனில் தெரிந்தது.

"கொஞ்சம் பெருசா இருக்காம். மத்தபடி நான் கல்லு மாதிரி இருக்கேன்" என்றார்.

அந்தக் கல் ராத்திரியில் எத்தனை முறை எழுந்து நடக்கிறது என்பது பக்கத்தில் படுத்திருப்பவளுக்குத் தெரியாதா? கேட்டால் தண்ணீர் குடிக்கப் போனதாகச் சொல்வார். அவர் சொன்ன கணக்குக்குக் குடித்திருந்தால் குழாயில் தண்ணீரே மிஞ்சியிருக்காது. போதாக்குறைக்கு, அவரிடம் கார் பழகிய ஒரு பெண் இவளுக்குப் பக்கத்து மேசையில்தான் வேலை பார்த்தாள்.

"சார் சூப்பரா சொல்லித் தர்றாருக்கா. பார்க்கிங் மட்டும் எப்பவும் பெட்ரோல் பங்க்லதான். இறங்கி ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து, நேரா நிறுத்தியிருக்கேனான்னு பார்ப்பாரு" என்றாள் அவள் வெள்ளந்தியாக.

இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்து, ஒரு நாள் அடியோடு அடைத்துக்கொண்டு, கிட்னியும் கெட்டுப்போய் வந்து சேர்ந்தவர்களின் ஃபைல்களை அவள் படித்திருந்தாள். அந்த வரிசையில் இவரும் போய் நின்றுவிடுவாரோ என்று பயம். பயத்தைச் சண்டையாகத்தான் போடத் தெரிந்தது அவளுக்கு. பல நாள் சண்டைக்குப் பிறகு அவர் அதே சிறுநீர் டாக்டரிடம் வரச் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு.

"அங்க வந்து நீ ஒண்ணும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணித் தொலைத்தாள்.

கேள்வி மேடம் நோயாளிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் டாக்டருக்கு வாயெல்லாம் பல்.

"சொல்லுங்க சார், என்ன தொந்தரவு?"

"ஒண்ணுமே இல்ல டாக்டர்."

"ராத்திரி எழுந்திருக்க வேண்டியிருக்கா?"

"படுத்தா காலையிலதான்."

"போற வேகமெல்லாம்?"

"ஜோரா இருக்கு."

'தொந்தரவு எதுவும் இல்லை' என்று டாக்டர் முழு வாக்கியமாக எழுதினார். இத்தனை வருஷம் தலைகீழாக நின்று கேட்டும் அவளுக்குக் கிடைக்காத முழு வாக்கியம், சொந்த வீட்டுப் பொய்க்குக் கிடைத்தது. பூஜ்யம்.

"அப்ப ஒரு வருஷம் கழிச்சு வாங்க. மேடம், இந்த ஃபைலாவது திரும்பி வராதில்ல?"

கணவர் எழுந்துவிட்டார். ஒரு வருஷம் என்றதும் அவள் நாற்காலியை விட்டு எழவில்லை.

"ஏங்க, சொல்லக் கூடாதுன்னுதானே சத்தியம்? கேக்கறேன். பார்க்கிங் எங்க வச்சுச் சொல்லித் தர்றீங்க?"

கோடிங்கைச் சரிபார்க்க எந்த ஆடிட்டர் வந்தாலும் குற்றம் சொல்ல முடியாத கேள்வி.

"பெட்ரோல் பங்க்லதான். ஏன்?" என்றார் அவர் யோசிக்காமல்.

டாக்டர் நிமிர்ந்தார். "எந்தப் பங்க் சார்?"

"வழியில வர்றது எல்லாம்..."

சொல்லி முடிப்பதற்குள் மாஸ்டரின் முகம் மாறிவிட்டது. திரும்ப உட்கார்ந்தார். டாக்டர் முன்பு எழுதியதை அடித்துவிட்டுக் காத்திருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் வெளியே வந்தது.

சிறுநீர் போய்விட்டு வரச் சொல்லி மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். போன பிறகும் பாதிக்கு மேல் உள்ளேயே நின்றது.

"கிட்னிக்கு இன்னும் ஒண்ணும் ஆகல. இப்போதைக்கு மாத்திரையில பாக்கலாம். இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா நான் பொறுப்பில்ல" என்றார் டாக்டர்.

வெளியே வந்து காரில் ஏறியதும் அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"தினமும் இதைத்தானே பாக்கறேன்? என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"அதனாலதான் சொல்லல." அவர் சாவியைத் திருகாமல் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாட்டில்காரர் கதை சொன்னியே, நான்கூட அப்படிச் சிரிச்சேனே, ஞாபகம் இருக்கா? அன்னைக்கு என் சீட்டுக்கு அடியிலயும் ஒண்ணு இருந்துது."

மேசையில் அவர் சிரித்த சிரிப்பு அவள் காதில் கேட்டது. வண்டி கிளம்பி முதல் பெட்ரோல் பங்க் வந்ததும் அவளே "இங்க நிறுத்துங்க" என்றாள். அவர் இறங்கிப் போய்விட்டு வந்தார். வண்டி நேராக நிற்கிறதா என்று பார்க்கவில்லை.

மறுநாள் அவருடைய ஃபைல் அவளுடைய அறைக்கே வந்தது. சொந்தக்காரர் ஃபைலைத் தொடக் கூடாது என்பது விதி. திறக்காமல் மேலதிகாரியிடம் தள்ளிவிட்டாள்.

ராத்திரிச் சாப்பாட்டில் மேசை அமைதியாக இருந்தது. பழகாத அமைதி அவருக்குத்தான் தாங்கவில்லை.

"என்னம்மா, இன்னைக்குக் கதை ஒண்ணும் இல்லையா?"

"இருக்கு" என்றாள் அவள், அவருடைய தட்டைப் பார்த்தபடி. "ஆனா இந்த ஆளை எனக்குத் தெரியும்."