மேட்டில் நின்ற கார்

தெருவில் அவளுக்கு வைத்த பெயர் பட்டாசு. பற்றவைக்கக்கூட ஆள் வேண்டாம் என்பார்கள், அவள் காதில் விழாத தூரத்தில் நின்றுகொண்டு. கணவருக்கு முழங்கால் கெட்டுக் கிளட்ச் மிதிக்க முடியாமல் போனபோது, வாடகைக்கு ஓடிய அந்த வெள்ளைக் காரை விற்றுத் தள்ளிவிடச் சொல்லி உறவெல்லாம் வந்து உட்கார்ந்தது. "நான் ஓட்டறேன்" என்று சாவியை எடுத்துக்கொண்டு போனவள் அவள். இன்று மருத்துவமனைக்கு ரத்தம் சுத்திகரிக்கப் போகும் பலருக்கு அவளுடைய கார்தான். முன்னால் போகிறவனையெல்லாம் திட்டிக்கொண்டே ஓட்டுவாள். ஆனால் பின்சீட்டில் இருப்பவருக்கு ஒரு குலுக்கல் தெரியாது.

ஓட்டுவதை விட்டாரே தவிர, கணவர் காரை விடவில்லை. காலையில் அவள் கிளம்புமுன் பானெட்டைத் தூக்குவார். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, துடைத்து, விட்டு, மறுபடி உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

"மறுபடியும் குறைஞ்சிருக்கு" என்று கொஞ்சம் ஊற்றுவார். அவள் கம்பியைத் தொட்டால், "அது என் வேலை" என்று வாங்கிக்கொள்வார்.

இந்தப் புது வீட்டுக்குக் குடிவந்த பிறகு தொடங்கிய சீக்கு இது. பிறகு பின்னால் நீலப் புகையும் வர ஆரம்பித்தது. மெக்கானிக்கான அவள் தம்பி வந்து புகையைப் பார்த்தான், மாமா சொன்னதைக் கேட்டான், உதட்டைப் பிதுக்கினான். "பிஸ்டன் ரிங் தேஞ்சு போச்சுக்கா. என்ஜினையே இறக்கணும்."

அன்று காலை அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது கணவர் சொன்னார்: "சாயங்காலம் ஒருத்தர் வண்டியைப் பார்க்க வர்றார். மச்சானும் நானும் பேசிட்டோம். வித்துடலாம்."

"யாரைக் கேட்டு?"

"இதுல கேட்க என்ன இருக்கு? வண்டி ஆயிலாக் குடிக்குது. நீயும் எத்தனை நாளைக்கு அலைவே? வீட்ல நிம்மதியா இரு."

"யாரோட நிம்மதி?"

அவள் போய்க் காரில் ஏறினாள். அவள் கதவைச் சாத்திய வேகத்தில் காருக்குள் தொங்கிய பொம்மை கழன்று விழுந்தது.

பின்சீட்டில் வழக்கமாக வரும் ஓய்வுபெற்ற தபால்காரர் கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்தார். "என்னம்மா, இன்னிக்கு வண்டியைவிட உனக்குப் புகை ஜாஸ்தியா இருக்கு?"

"பேசாம வாங்கய்யா. எரியுது."

அவரை உள்ளே அனுப்பிவிட்டு, மருத்துவமனை நிறுத்துமிடத்தில் காத்திருந்தாள். பில்லியர்ட்ஸ் மேசைபோலச் சமமான சிமென்ட் தரை. என்ஜின் ஆறியிருந்தது. இந்தச் சனியன் எவ்வளவுதான் குடிக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று பானெட்டைத் திறந்தாள். கம்பியை உருவித் துடைத்து, விட்டு எடுத்தாள். ஆயில் மேல் கோட்டையும் தாண்டி நின்றது. தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்று மறுபடி பார்த்தாள். அதே அளவு.

காலையில் குறைந்ததை மட்டும் நிரப்பிய ஆயில் வழியில் எப்படிக் கூடும்? கார் ஆயிலைக் குடிக்கலாம், குட்டியா போடும்?

கையில் பாதித் தண்ணீரோடு இருந்த பாட்டிலை வெறுமனே சாய்த்தாள். தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கியது. பார்த்துக்கொண்டே நின்றவளுக்குச் சட்டென்று வீட்டு வாசல் கண்ணில் வந்தது. பழைய வீட்டு வாசல் சமதரை. புது வீட்டுத் தெரு ஏற்றம். அங்கே கார் மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஆயில் பின்னால் ஒதுங்கிவிடும். கம்பி இருப்பதோ முன்பக்கம். இல்லாத குறையை நிரப்ப நாள் தவறாமல் ஊற்றியிருக்கிறார் மனுஷன்.

தபால்காரரை வீட்டில் இறக்கிவிட்டு நேரே தம்பியின் ஷெட்டுக்குள் காரை விட்டாள்.

"கம்ப்ரஷன் பார்த்தியாடா?"

"அந்தப் புகையைப் பார்த்தாலே தெரியும்க்கா..."

"பார்த்தியா, பார்க்கலையா?"

"மாமாவே சொன்னாரு, தினம் குறையுதுன்னு."

"உன் மாமா மேட்டுல வண்டியை வச்சு அளந்தாரு. நீ அவர் வாயைப் பார்த்து முடிவு சொன்னே. வண்டியை யாருடா பார்த்தீங்க?"

அவன் பிளக்குகளைக் கழற்றி மீட்டரை வைத்தான். ரிங் தேய்ந்திருந்தால் உள்ளழுத்தம் இறங்கியிருக்கும்; நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் கல்லுப்போல நின்றது. ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்தான். உள்ளே ஆயில் ஊறிக் கிடந்தது. என்ஜினிலிருந்து அதற்கு வரும் குழாயும் ஈரம்.

"ரிங் நல்லாத்தான்க்கா இருக்கு. ஆயில் அளவு மீறினா உள்ளே அடிபட்டு நுரைச்சிடும். இந்தக் குழாய் வழியா ஏறிப் போய் எரியுது. அதான் புகை." அளவுக்கு மேல் இருந்த ஆயிலை வடித்தான், குழாயைக் கழுவினான், புது ஃபில்டர் போட்டான். "அக்கா, மாமாகிட்ட என்னைப் போட்டுக் குடுத்துடாதே."

"போடா. இப்ப உன்னை விடறது எனக்கு வேலை இருக்கறதால."

மாலையில் தெருமுனையில், ஏற்றம் தொடங்குமுன் இருக்கும் சமதரையில் காரை நிறுத்தி ஹாரனை விடாமல் அடித்தாள். கணவர் கால் தாங்கித் தாங்கி இறங்கி வந்தார். கூடவே வாங்க வந்த தரகர். பானெட்டைத் தூக்கி, கம்பியை உருவிக் கணவர் கையில் திணித்தாள். "பாருங்க."

பார்த்தார். ஆயில் கோட்டில் நின்றது. துடைத்து, உள்ளே விட்டு எடுத்துப் பார்த்தார். மறுபடி துடைத்தார்.

"வழியில நீ ஊத்தினியா?"

அக்கம்பக்கத்து ஜன்னல்கள் திறக்கத் திறக்க அவள் சொன்னாள்: மேடு, கம்பி, நுரை, புகை எல்லாவற்றையும். தரகர் தொண்டையைச் செருமினார். "அப்போ... வண்டி?"

"விக்கறதுக்கு இல்ல. வேணும்னா இவரைக் கூட்டிட்டுப் போங்க. ஆயில் நல்லா ஊத்துவார்."

தரகர் நழுவினார். கணவர் கம்பியைத் துடைத்துக்கொண்டே நின்றார். "மேட்டுல நிறுத்தறது நீதானே?"

"ஆயிலைத் தப்பாப் பார்த்தீங்க, அது போகட்டும். எவனும் தப்பாப் பார்ப்பான். என்னைக் கேட்காம எப்படி விலை பேசினீங்க?"

அவர் அதற்கும் கம்பியைத்தான் பார்த்தார்.

அவள் அதைப் பிடுங்கி இடத்தில் சொருகி, பானெட்டை அறைந்து சாத்தினாள். மாலை ஷிஃப்டுக்கு ஒரு நோயாளியை அழைத்துப் போக வேண்டும். காரைக் கிளப்பியதும், பின்னால் பார்க்கும் கண்ணாடியில் கொஞ்ச தூரத்துக்கு, ஒட்டியிருந்த ஆயில் எரிந்து நீலமாக ஒரு புகை இழை தெரிந்தது. பெரிய சாலை வருமுன் புகை நின்றுவிட்டது. அவளுடைய திட்டு நிற்கவில்லை.