பீட்ரூட்டும் அம்மாவின் கண்ணும்

அம்மா ஒச்சாயி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். இரண்டு துணிகளின் நிறத்தில் இம்மி வித்தியாசம் இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

அப்பா சிறுநீரகப் புற்றுநோயில் இறந்து நான்கு மாதம் ஆகிறது. முதல் அறிகுறி, சிறுநீரில் வந்த ரத்தம். அவர் போனபின் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. உடம்பில் ரத்தம் குறைவு என்றார் டாக்டர். நான் தேங்காய் போட்டுப் பொரியல், பருப்பு போட்டுக் கூட்டு என்று தினமும் பீட்ரூட் சமைத்தேன்.

ஒருநாள் காலை அம்மா கழிவறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இங்கிட்டு வாத்தா, வந்து பாரு. ஒங்கப்பாவுக்குப் போன அதே ஷேடு."

"பீட்ரூட்டும்மா. சில பேருக்கு அப்படிப் போகும்."

"நீயுந்தான தின்ன. ஒனக்குப் போச்சா?"

எனக்குப் போகவில்லை. நான் சாயப்பட்டறை லேபில் வேலை செய்கிறேன். வேறு வேறு சாயங்கள் ஒரு விளக்கின் கீழ் ஒரே நிறமாகத் தெரியும் என்பதை அறிவேன். ஆனால் அம்மாவின் கண் ஏமாந்து நான் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். அம்மா என் மணிக்கட்டை விடவில்லை.

"எனக்கும் அதுன்னா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா இழுத்துக்கிட்டுத் திரியாத. ஒரு ஆளுக்குப் பார்த்தது போதும்."

எங்களைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனோம்.

டாக்டர் முடிவைப் பார்த்தார். "ரத்தம் இல்லீங்க, பீட்ரூட் நிறந்தான். இரும்புச்சத்து கம்மியா இருந்தா இப்படிப் போறது அதிகம். பீட்ரூட் நல்லதுதானுங்க, முருங்கைக்கீரையும் சேர்த்துக்கங்க."

அம்மா தலையாட்டினாள். மறுநாள் காலை கழிவறைக்குப் போகுமுன் என்னை எழுப்பி அதன் வாசலில் நிற்கச் சொன்னாள்.

நின்றேன்.