ஆம்பூருக்கு 'தி' போட்டதால் நின்ற பேருந்து

நடந்த எல்லாவற்றையும் நான் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். "ஜெனி ஆம்பூர் போனால் வேலையோடுதான் திரும்புவாள், ஆனால் வழியில் ஒரு கலாட்டா இருக்கிறது" என்று அக்கா வீட்டில் எல்லார் முன்னாலும் சொன்னவன் நான். போன வாரம் இரண்டும் நடந்தன.

ஜெனி என் அக்கா மகள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், வெளிநாட்டு ஆட்களுக்குத் தொழிற்சாலையைச் சுற்றிக்காட்டும் வேலைக்கு இன்டர்வியூ. துணைக்கு நான். இங்கிலீஷில் அவளுக்கு எமன் ஒரே ஒரு வார்த்தை: 'தி'. முந்தைய இன்டர்வியூவில் அம்மாவைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அக்கா நர்ஸ். இவள் 'மை மதர் இஸ் இன் ஹாஸ்பிடல்' என்றிருக்கிறாள். ஹாஸ்பிடலுக்கு முன்னால் 'தி' இல்லையென்றால் நோயாளியாகப் படுத்திருக்கிறார் என்று அர்த்தமாம்! அவர்கள் பதறி "உடம்புக்கு என்ன?" என்று கேட்க, இவளுக்கு வாயடைத்துவிட்டது. வேலையும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து 'தி' வருகிற இடமெல்லாம் பேச்சு நின்றுவிடுகிறது. இந்த முறையும் நின்றால் இனி எந்த இன்டர்வியூவுக்கும் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

எனக்கு இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. ஒன்பதாவதோடு நான் நின்றதில் பள்ளிக்கூடத்துக்குத்தான் நஷ்டம். பேருந்து நிலையத்துக்கு ஆட்டோவில் வரும்போதே கடைப் பலகைகளை ஆராய்ந்துகொண்டு வந்தேன். எங்கள் ஊர்க் கோட்டைப் பக்கம் ஒரு தையல்கடைக்குப் பெரிய எழுத்தில் 'தி' இருக்கிறது. எதிரே அகழியோடு நிற்கிற கோட்டைக்கு இல்லை! ஒரே ஒரு தையல் மிஷின் வைத்த கடைக்கு இருக்கிற மரியாதை, அவ்வளவு பெரிய கோட்டைக்கு ஏன் இல்லை?

காலை எட்டு மணிக்குப் புதிய பேருந்து நிலையத்தில் திருப்பத்தூர் வண்டி ஏறினோம். ஆம்பூருக்குச் சுமார் ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் விதியைக் கண்டுபிடித்துவிட்டேன்.

"ஜெனி, 'தி'ன்னா 'திரு'. சுருக்கிட்டான் வெள்ளக்காரன். பெரிய எடத்துக்கெல்லாம் போட்டுடு."

"அப்போ திருப்பத்தூருக்கு?"

"அதுல ஏற்கெனவே திரு இருக்குதே. ரெண்டு போட்டா ஜாஸ்தி."

"மாமா, ஆத்துக்குப் போடணும், ஊருக்குப் போடக் கூடாது. புக்ல இருக்குது."

ஜன்னலில் பாலாறு மணலாகக் கூடவே வந்துகொண்டிருந்தது. "தண்ணியே இல்லாத இதுக்கு மரியாத, ஊருக்கெல்லாம் செருப்பு தச்சிக் குடுக்கிற ஆம்பூருக்குக் கெடயாதா? எவன் எழுதினான் அந்த புக்க?"

"அப்படியே போட்டாலும், 'ஆ'வுக்கு முன்னாடி 'தீ'ன்னு இழுக்கணும்."

"அப்ப இழு. சத்தமா இழு. கூச்சம் போவும்." சொல்லிவிட்டு, ஆழ்ந்து யோசிப்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டேன்.

மாதனூர் அருகே ஜெனி "தீ ஆம்பூர்! தீ ஆம்பூர்!" என்று இழுத்துக்கொண்டிருந்தாள். முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு தொப்பைக்காரர் துள்ளி எழுந்து "தீ! தீ! வண்டிய நிறுத்து!" என்று அலறினார். ஓட்டுநர் ஓரம்கட்டினார். ஒருவர் கோழிக்கூண்டோடு ஜன்னல் வழியாகவே இறங்கினார்.

கண்டக்டர் ஓடிவந்தார். "எங்கம்மா தீ?"

"ஆம்பூர்ல சார்... இல்ல, ஆம்பூருக்கு. அங்க போடக் கூடாது, சும்மா போட்டுப் பாத்தேன்."

"ஆம்பூருக்குப் போடுற தீய ஆம்பூர்ல போய்ப் போடும்மா. மாதனூர்ல இன்னாத்துக்கு? காலங்காத்தால பேஜாரு!"

வண்டி முழுக்கச் சிரிப்பு. ஜெனி முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று எனக்குத் திக்கென்றது. விலக்கிப் பார்த்தால், அவளும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கம்பெனி வாசலில் வாட்ச்மேனுக்கு நான் இங்கிலீஷ் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தபோது உள்ளே நடந்ததை ஜெனி பிறகு சொன்னாள். இன்டர்வியூ எடுத்த மேடம் முதலில் பயணம் எப்படி என்று கேட்டிருக்கிறார். இவளுக்கு மாதனூர் ஞாபகம் வந்து சிரிப்பு முட்ட, முழுக் கதையையும் இங்கிலீஷிலேயே சொல்லியிருக்கிறாள். தி பஸ், தி டிரைவர், தி பாலார், வெறும் ஆம்பூர். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. நிற்கவில்லை என்பதே முடித்த பிறகுதான் தெரிந்ததாம். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆம்பூருக்கு 'தி' உண்டா, இல்லையா?" என்று கேட்டாராம். "இல்லை மேடம். என் மாமா மட்டும் போடுவார்." அடுத்த வாரம் வந்து சேரச் சொல்லிவிட்டார்கள்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. வண்டி ஆம்பூர் ஊருக்குள் போகுமா, பைபாஸிலேயே இறக்கிவிடுமா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். பிரியாணிக்குப் பகல் பன்னிரண்டரைக்குள் உட்கார்ந்துவிடுங்கள். தொட்டுக்கொள்ளத் தரும் கத்தரிக்காயை இரண்டாம் முறை கேட்டு வாங்குங்கள். பலகைகளைப் படித்துக்கொண்டே போங்கள், நேரம் போவதே தெரியாது. எந்தக் கடைக்கு 'தி', எதற்கு இல்லை என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இதைப் படித்துப் பார்த்த ஜெனி, ஒரு இடத்தைத் திருத்தாமல் போடக் கூடாது என்கிறாள். சரி. முன் சீட்டில் தொப்பைக்காரர் யாரும் இல்லை, ஒரு அரிசி மூட்டைதான் இருந்தது. 'தீ' என்று அலறியது நான். கோழிக்கூண்டு மட்டும் சத்தியமாக உண்மை.