நெடுந்தீவு டீச்சரின் குதிரை

ராகலையில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே கம்யூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி, போன் ரீலோட், அடையாள அட்டைப் படம், டைப்பிங். எனக்கும் சரித்திரக் கதைகளுக்கும் ஏழாம் பொருத்தம். இருந்தும் சுரங்கப்பாதை, பாதாளச் சிறை, விஷம் தடவிய கத்தி பற்றியெல்லாம் இந்த ஊரில் என்னளவுக்குத் தெரிந்தவன் வேறு யாருமில்லை. எல்லாம் குணபூசணி டீச்சர் கொடுத்த தண்டனை.

டீச்சருக்குச் சொந்த ஊர் வடக்கே கடலுக்குள் இருக்கும் நெடுந்தீவு. கணக்கு டீச்சராக நியமனம் கிடைத்து, மேலே தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்தவர். வந்த புதிதில் குளிரில் நடுங்கிய நடுக்கத்தைப் பார்த்து, அடுத்த பள்ளித் தவணைக்குள் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விடுவார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவர் இரண்டு ஸ்வெட்டரை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டார். இப்போது தலையில் முக்கால்வாசி நரை.

பின்னம் நடத்தும்போது பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள் என்று ஒருநாள் கோபத்தில் ஒரு இளவரசனைக் கூப்பிட்டார். பெயர் பரிதிவாணன். அவனிடம் இருந்த அறுநூறு பேர் படையில் மூன்றில் ஒரு பங்கு காட்டுக்குள், ஆறில் ஒரு பங்கு ஆற்றுக்கு அக்கரையில். மிச்சப் படை கோட்டை வாசலில் எத்தனை பேர்? வகுப்பு விழுந்தடித்துக் கணக்குப் போட்டது. அன்று தொடங்கிய இளவரசன் புத்தகம் புத்தகமாகப் போய்க்கொண்டே இருக்கிறான். டீச்சர் எழுதுவார், நான் டைப் பண்ணுவேன், தாள்களைத் தைத்துப் புத்தகமாக்குவதும் நான்தான்.

பரிதிவாணன் மற்ற இளவரசர்கள் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு அகழியில் பாய மாட்டான். முதலில் அகலத்தைப் பார்ப்பான், குதிரையின் வேகத்தைப் பார்ப்பான், ஒரு வகுத்தலைப் போடுவான், பிறகுதான் பாய்வான். விடை தப்பாக வந்தால் முதலைக்கு இரையாக வேண்டியதுதான் என்பதால் பிள்ளைகளும் கூடவே போட்டுப் பார்ப்பார்கள். கணக்கில் கெட்டிக்காரனாக இருந்தும் அவனுக்குப் பயம் என்ற ஒன்று கிடையாது. டீச்சர் அவனை ‘அஞ்சா நெஞ்சன்’ என்று எழுதாத பக்கமே இல்லை. எனக்கு விரல் வலி கண்டு, கீபோர்டில் ஒரு விசையைத் தட்டினால் ‘அஞ்சா நெஞ்சன்’ என்று தானாக விழும்படி வைத்துக்கொண்டேன். அந்த விசையில் எழுத்து தேய்ந்தே போய்விட்டது.

வம்பு அவனுடைய குதிரையால் வந்தது. காற்றோடி என்று பெயர். அத்தியாயத்துக்கு ஒரு தரமாவது இளவரசன் அதன்மேல் தாவி ஏறுவான். நெடுந்தீவில் குதிரைகள் திரிகின்றன என்று எங்கோ படித்த கேஷிகா என்ற மாணவி, டீச்சரிடம் வகுப்பிலேயே கேட்டாள்.

“டீச்சர், ஒங்க ஊர்ல நெறைய குதிரை இருக்காமே. நீங்க பக்கத்துல பாத்திருக்கீங்களா?”

“பக்கத்திலயோ? எங்கட வீட்டு வாசலிலயே நிண்டது பிள்ளை.”

இது பொய்யில்லை. மிச்சத்தைப் பிள்ளைகள் தாங்களாகவே போட்டுக்கொண்டார்கள். வாசலில் நின்றால் வளர்த்த குதிரை, வளர்த்த குதிரை என்றால் ஏறி ஓட்டாமலா இருப்பார்? ஒரு வாரத்துக்குள் டீச்சர் கடற்கரை நெடுகக் குதிரையில் பறந்தவர் என்ற செய்தி தோட்டத்து வீட்டு வரிசைகளில் லயம் லயமாகப் போய்ச் சேர்ந்தது. டீச்சர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கணக்கு டீச்சருக்கு இது அழகா என்று நான் கேட்டதற்கு, என் டைப்பிங்கில் பிழை கண்டுபிடிக்க ஆரம்பித்துவிட்டார்.

இந்த வருடம் பள்ளிக்கூடத்தில், பிள்ளைகளைச் சிவப்பு, நீலம் என்று இல்லங்களாகப் பிரித்து நடத்தும் இல்ல விளையாட்டுப் போட்டி வந்தது. ஒவ்வொரு இல்லமும் தன் கூடாரத்தைச் சோடிக்க வேண்டும். சிவப்பு இல்லத்துக்குக் கேஷிகா தலைவி. ஓட்டத்தில் கெட்டிக்காரி, பிடிவாதத்தில் அதைவிடக் கெட்டிக்காரி. மூங்கிலையும் உரப் பையையும் வைத்துப் பரிதிவாணனின் கோட்டையையே கட்டினார்கள். திறந்துவைக்கக் குணபூசணி டீச்சர் வர வேண்டும். எப்படி வர வேண்டும்? குதிரையில்.

நுவரெலியா ஏரிக்கரையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றி நடத்தும் மட்டக் குதிரைகள் உண்டு. கேஷிகாவின் மாமா மரக்கறி லொறி ஓட்டுபவர். லீக்ஸும் கேரட்டும் இறக்கிவிட்டு வெறும் லொறியாகத் திரும்புகிற வழியில் ஒரு குதிரையை ஏற்றிவருவதற்கு அவருக்கு என்ன கஷ்டம்? ஏற்பாடு முடிந்தது.

போட்டிக்கு முந்தின நாள் மாலை டீச்சர் கடைக்கு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“தம்பி, அந்த லொறி வழியில நிண்டுபோக ஏலாதோ?”

“என்ன டீச்சர் சொல்றீங்க?”

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. வாசலில் குதிரை நின்றது உண்மை. அது நின்ற நேரமெல்லாம் சின்னப் பிள்ளையான டீச்சர் கதவைப் பூட்டிக்கொண்டு கட்டிலுக்கடியில் கிடந்ததும் உண்மை. குதிரை போகும்வரை பள்ளிக்கூடமும் இல்லை, கடையும் இல்லை. இன்றுவரை ஒரு குதிரையைத் தொட்டதில்லை.

“உண்மையச் சொல்லிருங்க டீச்சர். பிள்ளைங்க தானே.”

“பிள்ளையள் எண்டபடியால்தான் சொல்ல ஏலாது. குதிரைக்குப் பயந்த மனுசி எழுதின இளவரசனை ஆர் நம்புவினம்? நாளைக்கு நான் ஏறாட்டி, பரிதிவாணன் செத்துப்போவான் தம்பி.”

சிரிப்பு வந்தது. ஆனால் அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். இத்தனை வருடமாக நான் வைதுகொண்டே டைப் பண்ணிய அந்தப் பயல் செத்துப்போவான் என்றதும் எனக்கும் என்னவோ போலத்தான் இருந்தது.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு மைதானத்துக்குப் போனேன். லொறி நிற்கவில்லை, சரியாக வந்து சேர்ந்தது. பின்கதவைத் திறந்தால் ஒரு பழுப்பு மட்டக் குதிரை, லொறியில் மிஞ்சிக் கிடந்த கேரட்டை எல்லாம் ஒரு கை பார்த்துவிட்டு ஏப்பம் விடாத குறையாக நின்றது. பெயர் மைக்கல். கூட வந்த குதிரைக்காரர் சுனில் அதன் காதைத் தடவியபடி டீச்சரைப் பார்த்துச் சிரித்தார்.

“பய வெண்ட எப்பா மிஸ். மைக்கல் ஹொந்தய்.”

பயப்படாதீர்கள், மைக்கல் நல்லவன் என்று சிங்களத்தில் அவர் சொன்னது மைதானத்துக்கே விளங்கியது. டீச்சருக்கு மட்டும் ஏறவில்லை. சேலைக்குள் விளையாட்டு டீச்சரின் ட்ராக் காற்சட்டை, தலையில் தங்கத்தாள் ஒட்டிய கிரீடம். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மேசைபோல ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, மூன்று பேர் தூக்கி, இரண்டு பேர் தள்ளி, டீச்சரை மேலே ஏற்றினார்கள். பரிதிவாணன் தாவி ஏறுகிற வித்தையெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

பேண்ட் முழங்கியது. மைக்கல் இரண்டடி எடுத்துவைத்தது. டீச்சர் அதன் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு, மைதானம் அதிரக் கத்தினார்.

“ஐயோ அம்மா!”

சிவப்பு இல்லப் பிள்ளைகள் ஒரே குரலில் “ஐயோ அம்மா!” என்று திருப்பி முழங்கினார்கள். அது நெடுந்தீவுப் போர் முழக்கம் என்று நினைத்துவிட்டார்கள்.

மைக்கல் பாதி மைதானம் வந்து, எதிரிகளான நீல இல்லத்தின் கூடாரத்துக்கு நேர் எதிரே நின்றது. தள்ளினார்கள், அசையவில்லை. தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. சுனில்தான் விளக்கினார். ஏரிக்கரையில் பாதித்தூரம் போனதும் படம் எடுப்பார்களாம். எடுக்காமல் மைக்கல் நகராதாம். உடனே ஊரிலுள்ள போனெல்லாம் வெளியே வந்தது. படம் எடுத்து முடிந்ததுதான் தாமதம், மைக்கல் ‘வேலை முடிந்தது’ என்று திரும்பி, கேரட் இருந்த லொறியைப் பார்த்து ஓட்டமெடுத்தது. ஏரிக்கரையிலும் அப்படித்தானாம், போய் வந்தால் ஒரு சுற்று.

புறமுதுகு காட்டாத இளவரசனை எழுதியவர், எதிரிக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு “ஐயோ அம்மா, ஐயோ அம்மா” என்று பறந்தார். பிள்ளைகள் கொஞ்சமும் கலங்கவில்லை. மூன்றாம் புத்தகத்தில் பரிதிவாணன் தோற்று ஓடுவதுபோல் நடித்து எதிரியை இழுத்துவருவான் அல்லவா? அதே தந்திரம்தான் என்று அவர்களும் முழங்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்கள். பிறகு கயிறு இழுத்தலிலும் அதே முழக்கம்தான். இழுத்த இழுப்பில் சிவப்பு இல்லம் கடைசியாக வந்தது.

அடுத்த திங்கட்கிழமை டீச்சரும் கேஷிகாவும் படம் பிரிண்ட் எடுக்கக் கடைக்கு வந்தார்கள். கணினியில் பெரிதாக்கினேன். மைக்கல் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. மேலே டீச்சர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கிரீடம் மூக்கில் தொங்க, கழுத்தைக் கட்டிப்பிடித்திருக்கிறார். போனில் சிறிதாக இருந்தபோது தெரியாதது இப்போது நன்றாகத் தெரிந்தது. கேஷிகா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், நீங்க பயந்துட்டீங்களா?”

நான் அச்சு இயந்திரத்தில் தாள் சிக்கிவிட்டதுபோலப் பாவனை செய்தேன். டீச்சர் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு யாரால் பொய் சொல்ல முடியும்?

“ஓம் பிள்ளை. சரியான பயம். சின்ன வயசிலயிருந்தே பயம். வாசலில குதிரை நிண்டதெண்டு சொன்னன். நான் கட்டிலுக்குக் கீழ கிடந்ததைச் சொல்லேல்ல.”

“பெறகு ஏன் டீச்சர் ஏறுனீங்க?”

“நீங்களெல்லாம் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்.”

கேஷிகா சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“எனக்கும் ஓட்டத்துக்கு முன்னாடி வயித்த கலக்கும் டீச்சர். ஒவ்வொரு தடவையும். பரிதிவாணனுக்குத்தான் பயமே கெடையாதே, நமக்கு மட்டும் ஏன் இப்படின்னு வெக்கமா இருக்கும். அதான் யாருகிட்டயும் சொல்லல.”

டீச்சர் அவள் தலையில் கையை வைத்து, வெகுநேரம் எடுக்கவே இல்லை. இந்தத் தடவை தாள் உண்மையிலேயே சிக்கிக்கொண்டது.

போன வாரம் புதுப் புத்தகத்தை டைப் பண்ணக் கொண்டுவந்தார். கையெழுத்து வழக்கம்போலக் கோழி கிளறிய மண். முதல் வரி இப்படி இருந்தது: ‘குதிரையைக் கண்டதும் இளவரசன் பரிதிவாணனுக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனாலும் கோட்டையிலிருந்து பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.’

புத்தகம் முழுவதும் அந்தத் தேய்ந்த விசைக்கு ஒரே ஒரு தரம்தான் வேலை வந்தது. பதினோராம் பக்கத்தில், எதிரிப் படைக்கு நேர் எதிரே தலையைச் சாய்த்து நின்று, யார் தள்ளியும் அசையாத ஒருவனை டீச்சர் ‘அஞ்சா நெஞ்சன்’ என்று எழுதியிருந்தார். அது குதிரை.